மேனேஜ்மெண்ட் சீட்டா, கவுன்சலிங்கா? கல்லூரிச் செலவு: கேள்வி – பதில்

(வாசகர்களுக்குப் பதில் சொல்பவர், கல்விக் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்)

கேள்வி: ஐயா, நான் நூற்பாலைத் தொழிலாளி. மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்திருக்கிறோம். இதற்குள் ஒரு கல்லூரியின் ஆள் வீட்டுக்கே வந்து, "பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டி மேனேஜ்மெண்ட் சீட்டைப் பிடிச்சிடுங்க, முதல் பட்டதாரி சலுகையை நாங்களே வாங்கித் தர்றோம்" என்கிறார். கட்டலாமா?
– ஒரு வாசகர், வேடசந்தூர்

பதில்: கட்டாதீர்கள். அவர் மறுபடி வந்தால் ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். முதல் பட்டதாரி சலுகை, அதாவது குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிறவருக்கான கட்டணச் சலுகை, கவுன்சலிங் வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான். மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு அது கிடையாது.

உங்கள் மகளுக்கு அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2021 முதல் பொறியியல் படிப்பிலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். மேனேஜ்மெண்ட் சீட்டில் போய் உட்கார்ந்தால் இதுவும் போச்சு.

இன்றே செய்ய வேண்டியது காகித வேலை. மகள் படித்த ஒவ்வொரு பள்ளியிலும், எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை அங்கே படித்தாள் என்று தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்கிவிடுங்கள். நடுவில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளியில் போட்டிருந்தாலும் பொதுவாக இந்த ஒதுக்கீடு கிடைக்காது. முதல் பட்டதாரி சான்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். 7.5-இல் இடம் வராமல் பொதுக் கவுன்சலிங்கில் வந்தால் அது கைகொடுக்கும். தாத்தா, பாட்டி படிப்பு வரைக்கும் கேட்பார்கள். அண்ணன் தபால் வழியில் பி.ஏ. முடித்திருந்தாலும் அது பட்டம்தான், மறைக்க வேண்டாம்.

அப்புறம், கல்லூரியில் சேர்ந்ததும், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தைக் கேளுங்கள். மாதம் 1,000 ரூபாய், மகளின் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம்.

கேள்வி: என் மகனின் ஸ்காலர்ஷிப் வரவு வைக்கப்பட்டுவிட்டதாக போர்ட்டலில் இருக்கிறது. பாஸ்புக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. கல்லூரியில் கேட்டால் பேங்குக்குப் போகச் சொல்கிறார்கள், பேங்கில் கேட்டால் கல்லூரிக்குப் போகச் சொல்கிறார்கள்.
– ஒரு தாய், மணப்பாறை

பதில்: பணம் வேறொரு கணக்கில் உட்கார்ந்திருக்கும் என்பது என் ஊகம். இப்போது உதவித்தொகை பெரும்பாலும் ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், உதவித்தொகைக்கென்று கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ, அங்கேதான் போய் விழும்.

என்னிடம் ஒரு பையன் இப்படித்தான் வந்தான். எட்டு மாதம் அலைந்திருக்கிறான். கிளறிப் பார்த்தால், சிம் கார்டு வாங்கிய கடையில் இரண்டு தடவை கைரேகை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் ரேகை சிம்முக்கு. இரண்டாவது, அவனுக்கே தெரியாமல் திறந்த ஒரு பேமெண்ட் கணக்குக்கு. மொத்தப் பணமும் அவனுடைய போனுக்குள்ளேயே, அவன் திறந்தே பார்க்காத ஒரு செயலியில் கிடந்தது.

ஆதார் இணையதளத்தில், உங்கள் எண் இப்போது எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்க்க வசதி இருக்கிறது. மகனையே பார்க்கச் சொல்லுங்கள். மாற்ற வேண்டுமானால், பணம் எந்த வங்கிக்கு வர வேண்டுமோ அங்கே போய் ஆதார் இணைப்புப் படிவம் கொடுங்கள். "கே.ஒய்.சி. முடிஞ்சிருச்சே" என்று கவுன்ட்டரில் சொன்னால் நகராதீர்கள். கே.ஒய்.சி. என்பது வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு. அது வேறு, இது வேறு.

கேள்வி: மகள் மெட்ரிகுலேஷன் பள்ளி, முதலாண்டு பி.இ. சேர்ந்திருக்கிறாள். என் வருமானம் ஆண்டுக்கு 5 லட்சம். எங்களைப் போன்றவர்களுக்கு ஒன்றுமே கிடையாதா?
– ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் பிரகதி உதவித்தொகையைப் பாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு மட்டும், ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சம் வரை. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் முதலாண்டிலேயே போட வேண்டும். கல்லூரி அதை ஆன்லைனில் சரிபார்த்து மேலே அனுப்பியதா என்று ஆபீசில் போய்க் கேளுங்கள். பாதி விண்ணப்பம் அங்கேதான் தூங்கும்.

கேள்வி: 2,500 ரூபாய் 'பிராசஸிங்' கட்டினால் 50,000 ஸ்காலர்ஷிப் என்று போன் வந்தது.
– ஒரு மாணவி, காரைக்குடி

பதில்: போனை வைத்துவிடுங்கள் அம்மா. அரசு ஸ்காலர்ஷிப்புக்கு யாரும் பணம் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: நான்கு லட்சம் கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்கிறார் மேனேஜர். எங்களுக்குச் சொந்த வீடே இல்லை.
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: இதற்குப் பதில் எழுத எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் மேனேஜராக இருந்தபோது, ஒரு ஜூன் மாதம், ஒரு அம்மா மஞ்சள் பையோடு வந்தார். மூன்று லட்சம் கேட்டார். வாராக்கடன் பயத்தில் நானும் பட்டா கேட்டேன். அவர் சண்டை போடவில்லை. மார்க் ஷீட்டை எடுத்து பிளாஸ்டிக் கவருக்குள் திருப்பி வைத்துக்கொண்டே, "வேற எந்த பேங்க்ல சார் குடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது அன்றைக்கும் விதிதான். எனக்கும் தெரியும்.

இன்றைக்கு இன்னும் சுலபம். கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு கொடுக்க, 7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. அதனால் சொத்து ஜாமீன் வேண்டாம். நீங்கள் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி போர்ட்டல் வழியாக விண்ணப்பியுங்கள், தேதியோடு பதிவு இருக்கும். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், தொழிற்படிப்புகளுக்கு, படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. அதற்கு, கல்லூரிக்கு நாக் அல்லது என்.பி.ஏ. (கல்வித் தரத்தைச் சோதிக்கும் அமைப்புகள்) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வருமானச் சான்றைக் கடன் வாங்கும்போதே கிளையில் கொடுத்துவிடுங்கள்.

அப்படியும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை எழுதித் தர எந்த மேனேஜருக்கும் கை வராது, அனுபவத்தில் சொல்கிறேன். எழுதித் தந்துவிட்டால், அந்தக் காகிதத்தின் நகலோடு வட்டார அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள். கிளையின் பெயரையும் நீங்கள் போன தேதியையும் அதில் மறக்காமல் எழுதுங்கள்.