நிறவெறிக்கு எதிராகத் தலைமுறை தலைமுறையாகச் சிறை சென்ற தமிழ்க் குடும்பம் தென்னாப்பிரிக்காவில் உண்டா?

உண்டு. ஜோகன்னஸ்பர்க் தம்பி நாயுடு குடும்பம். பெயரில் நாயுடு இருக்கிறதே, தெலுங்கர்தானே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மொரீஷியஸில் பிறந்து பிழைக்க வந்தவர், ஜோகன்னஸ்பர்கில் தமிழர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர். தமிழர் என்றே காந்தியும் எழுதியிருக்கிறார்.

நம் ஊரில் தென்னாப்பிரிக்கா என்றால் தில்லையாடி வள்ளியம்மை, 1914-ல் காந்தி கப்பல் ஏறியது, அத்தோடு சரி. பாடப்புத்தகமும் அங்கேயே நின்றுவிடும். காந்தியோடு சிறைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தப் பிந்தைய கதைதான் பெரிதாகத் தெரிகிறது.

தம்பி நாயுடு 14 முறை சிறை சென்றவர் என்பார்கள். 1908 பிப்ரவரியில் அரசோடு செய்த சமரசப்படி கைரேகை பதியப் போன காந்தியை, அது பிடிக்காத இந்தியர்கள் சிலரே தடியால் அடித்துச் சாய்த்தார்களே, அப்போது குறுக்கே விழுந்து அடி வாங்கியவர்களில் இவரும் ஒருவர். படிப்பு இல்லை, ஆனால் நாலைந்து மொழி சரளமாகப் பேசுவார். கோபம் மட்டும் மூக்கு நுனியில். அந்த முன்கோபம் இல்லாவிட்டால் அங்கிருந்த இந்தியர்களுக்குத் தலைமை ஏற்றிருக்கக்கூடியவர் என்ற பொருளில் காந்தியே எழுதினார். 1913-ல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைக்கப் புறப்பட்ட பெண்கள் 11 பேர். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை. அந்தக் கூட்டத்தில் தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாளும் இருந்தார். மூன்று மாதம் கடுங்காவல்.

காந்தி நாடு திரும்பும்போது இந்தத் தம்பதி தங்கள் மகன்கள் நாலு பேரையும் அவரிடமே ஒப்படைத்தார்கள். அப்படி இந்தியா வந்த நாராயணசாமி சாந்திநிகேதனிலும் காந்தி ஆசிரமத்திலும் வளர்ந்தார். பிறகு ஜோகன்னஸ்பர்க் திரும்பித் தொழிற்சங்கம், ஜோகன்னஸ்பர்க் இருந்த மாகாணத்து இந்தியர்களின் அமைப்பான டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸ் என்று இறங்கினார். அவருடைய மனைவி மனோன்மணி. இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். எல்லோருக்கும் 'அமா'. இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து 1946-ல் சிறை போனார். நாத்தனார் தயாநாயகியும் அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1953-ல் கணவர் இறந்தபோது ஐந்து பிள்ளைகள் இவர் பொறுப்பில். வீட்டோடு அடங்கிவிட்டாரா என்றால் இல்லை. கறுப்பினப் பெண்கள் மேல் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் அடையாளப் புத்தகத்தைத் திணித்ததை எதிர்த்து 1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியா அரசு மாளிகைக்கு 20,000 பெண்கள் போனார்களே, அதிலும் இருந்தார். டோர்ன்ஃபோன்டைனில் இருந்த அவர் வீட்டில் எந்த நிறத்தவர் வந்தாலும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். போலீஸ் சோதனையும் அதே வீட்டுக்குத்தான் வரும்.

அப்புறம் மகன் இந்திரேஸ். இங்கேதான் கதை திரும்புகிறது. காந்தி மடியில் வளர்ந்தவரின் மகன், மண்டேலா தொடங்கிய ஆயுதப் பிரிவில் சேர்ந்தார். 1963 ஏப்ரலில் ரயில் பாதையின் சிக்னல் பெட்டிக்கு வெடி வைக்கப் போனபோது, கூடவே இருந்த ஒருவன் காட்டிக்கொடுத்திருந்தான். சுடப்பட்டுப் பிடிபட்டார்; ராபன் தீவில் பத்து வருடம். தாத்தாவின் வழியிலிருந்து பேரன் விலகிவிட்டான் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1960-ல் ஷார்ப்வில்லில் 69 பேரைச் சுட்டுக் கொன்று, மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசையும் தடைசெய்த பிறகு, கைகட்டி நின்று அடிவாங்கு என்று அடுத்தவருக்கு உபதேசம் செய்ய நான் யார்?

அந்தச் சிறைக்குள்ளும் நிறப் பிரிவினைதான். இந்தியக் கைதிக்கு முழுக்கால்சட்டை, ரொட்டி. கறுப்பினக் கைதிக்கு அரைக்கால்சட்டை, ரொட்டி கிடையாது. ஒரே வழக்கில் தண்டனை பெற்று 1964-ல் ஒன்றாக வந்தவர்களில் வயதில் மூத்த மண்டேலாவுக்கு அரைக்கால்சட்டை, இளையவரான இந்தியர் கத்ரடாவுக்கு முழுக்கால்சட்டை. அங்கேயும் உன்னை ஒரு படி மேலே வைத்திருக்கிறோம் பார் என்று இந்தியனிடம் ஆசை காட்டினார்கள். இந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாக வேண்டாம் என்று தள்ளியது அந்த ஒரு படியைத்தான்.

அமாவின் மூத்த மகள் சாந்தி விஷயத்தில் நடந்தது இன்னும் கொடுமை. 1969-ல் கைது செய்து, தனிமைச் சிறையில் வைத்து, தூங்கவிடாமல் நாள்கணக்கில் நிற்க வைத்து விசாரித்தார்கள். வின்னி மண்டேலா உள்ளிட்ட 22 பேர் மேலான வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார்கள். வின்னி என் சிநேகிதி, அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னால் என் மனசாட்சியோடு என்னால் வாழ முடியாது என்று மறுத்துவிட்டார். அதற்கு இரண்டு மாதம் தண்டனை. எல்லாம் சேர்த்து ஓராண்டுக்கும் மேல் உள்ளே. வெளியே வந்ததும் நாட்டைவிட்டே போகிறேன் என்று விண்ணப்பித்தார். சரி, போ, திரும்பி வரக் கூடாது என்று அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அவர் மேல் இருந்த இன்னொரு தடை உத்தரவுப்படி ஜோகன்னஸ்பர்க் எல்லையைத் தாண்டக் கூடாது! எல்லையைத் தாண்டாமல் எப்படி நாட்டைவிட்டுப் போவது? வெளிநாடுகளில் கூச்சல் எழுந்த பிறகு 1972-ல்தான் விட்டார்கள்.

கடைக்குட்டி மகன் பிரேமாவும் தப்பவில்லை. பிரிட்டோரியா சிறையிலிருந்து தப்பிய ஒரு வெள்ளைக்காரத் தோழருக்கு அடைக்கலம் கொடுத்ததற்காக 1982-ல் ஒரு வருடத் தண்டனை. நிறவெறி ஆட்சி போன பிறகு அவர் ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சியில் கவுன்சிலர் ஆனார், இந்திரேஸ் நாடாளுமன்றம் போனார். அமா மட்டும் 1993 டிசம்பரில் காலமாகிவிட்டார். எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்த தேர்தல் அடுத்த ஏப்ரலில் நடந்தது.