எல்லாம் போயிருச்சாம்ல!

கேள்வி: ஐயா, நான் கோலாலம்பூர்ல (கேஎல்) ஆபிஸ் வேலைல பழம் தின்னு கொட்டை போட்டவன். டைப்ரைட்டர், சைக்லோஸ்டைல், ஃபேக்ஸ் எல்லாம் போயிருச்சு. மார்க்கெட்டிங்கும் அப்படித்தான், பேப்பர்ல விளம்பரம் போட்ட காலம் போயிருச்சு, இப்ப டிக்டாக் லைவ். இதனால நமக்கு லாபமா நஷ்டமா? பேர் போட்டுறாதீங்க, இன்னும் அங்கதான் வேலை செய்றேன். – செந்தூல் வாசகர்

பதில்: லாப நஷ்டம் கெடக்கட்டும் தம்பி. ஒரே கேள்வில ரெண்டு தடவ "போயிருச்சு"ன்னு எழுதியிருக்கீங்களே, எது போச்சு, எங்க போச்சு? எங்க பத்திரிகைக்கு விளம்பரம் குடுத்த ஒரு கம்பெனி, பில்ல ஈமெயில்ல அனுப்புங்கன்னாங்க, அனுப்பினோம். சாப்பு, அதான் ரப்பர் ஸ்டாம்பு, இல்லையேன்னாங்க. சரின்னு பிரிண்ட் எடுத்து, சாப்பு அடிச்சு, கையெழுத்து போட்டு, ஸ்கேன் பண்ணி, திரும்ப ஈமெயில்ல அனுப்பி, அதையே வாட்ஸ்அப்லயும் போட்டு, போன் அடிச்சு "மேடம் பாத்துட்டீங்களா"ன்னு கேட்டா, "ஒரிஜினல போஸ்ட்ல அனுப்பிருங்க லா, அக்கவுண்ட்ஸ்ல கேக்குறாங்க"ன்னு பதில் வருது. ஒரு பில்லு, அதுக்கு நூறு வருஷத்து மெஷின் அத்தனையும் வரிசையா நின்னு சேவகம் பண்ணுது.

இத்தனைக்கும் இரும்புல வச்சு அழுத்தி எடுப்பாங்களே கம்பெனி சீலு, அதுவே கட்டாயம் இல்லன்னு 2016 கம்பெனிச் சட்டத்துல வந்துருச்சு, 2017 ஜனவரி கடைசில இருந்து அமல்ல இருக்கு. சீலுக்கே அந்த கதின்னா மையில தொட்டு அடிக்கிற ரப்பர் சாப்பு எந்த மூலைக்கு? ஆனா நம்ம ஊரு கவுண்டர்ல போயி இந்தச் சட்டத்த எடுத்துச் சொல்லிப் பாருங்க, பொறுமையா கேட்டுட்டு "சாப்பு கொண்டாந்தீங்களா"ம்பாங்க. கடைசில எங்க டிசைனர் பையன்தான் வழி கண்டுபிடிச்சான். சாப்ப வெள்ளைத்தாள்ல அடிச்சு ஸ்கேன் பண்ணி, பின்னால இருக்குற வெள்ளைய அழிச்சுட்டு படமா சேத்து வச்சிருக்கான், பில்லு அடிச்சதும் அதைக் கீழ ஒட்டிடுவான். ஆனா நேரா ஒட்ட மாட்டான், லேசா சாய்ச்சு ஒட்டுவான். ஏன்டா சாய்க்கிறன்னு கேட்டா, "நேரா இருந்தா கம்ப்யூட்டர்ல போட்டதுன்னு தெரிஞ்சிரும் ஐயா"ங்குறான். அதோட விட்டானா, ஓரத்துல மை பரவுன சாப்பு ஒண்ணு, பாதி எழுத்து விழாத சாப்பு ஒண்ணு, அவசரத்துல ரெட்டையா விழுந்த சாப்பு ஒண்ணுன்னு தனித்தனியா ஃபைல் வச்சிருக்கான், மாசக் கடைசி பில்லுக்கெல்லாம் மை காஞ்ச சாப்புதான், "அப்பத்தான ஐயா மை தீந்திருக்கும்"னு விளக்கம் வேற. இவனைப் போயி டிசைன்ல வச்சிருக்கேன் பாருங்க, விளம்பரம் பிடிக்க அனுப்பியிருக்கணும்.

ஃபேக்ஸ் போயிருச்சுங்குறீங்க. அது டெலிபோனுக்கே மூத்தது தம்பி. ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் பெய்ன் 1843-லயே அதுக்குப் பேட்டண்ட் வாங்கிட்டாரு, கிரகாம் பெல் டெலிபோனுக்கு வாங்கினது 1876-ல. அவ்வளவு பெரிய ஆயுசு உள்ளது லேசுல போகுமா, இன்னும் எத்தனை ஆபிஸ் லெட்டர்ஹெட்டுல ஃபேக்ஸ் நம்பர் ஒக்காந்திருக்குன்னு பாருங்க. அந்த வழவழ ரோல் பேப்பர்ல வந்த எழுத்து நாளாவட்டத்துல மங்கி மறைஞ்சு போகும்னு, வந்த ஃபேக்ஸ ஜெராக்ஸ் எடுத்து வைக்கிறதே ஒரு வேலையா இருந்துச்சு. ஜெராக்ஸ்னதும் இன்னொண்ணு. 1959-ல ஜெராக்ஸ் 914ன்னு மெஷின் வந்துச்சே, அதுல பேப்பர் சிக்கினா சூட்டுல சில சமயம் தீப்பிடிச்சுக்கும். கம்பெனிக்காரங்க என்ன பண்ணாங்க, கூடவே சின்ன தீயணைப்பான் ஒண்ணு குடுத்தாங்க, அதைத் தீயணைப்பான்னு சொன்னா வாங்குறவன் ஓடிருவான்னு "ஸ்கார்ச் எலிமினேட்டர்"னு பேரு வச்சாங்க. மெஷின விலைக்கு வாங்கச் சொல்லாம மாச வாடகைக்கு விட்டு, மாசம் 2000 காப்பி வரைக்கும் அந்த வாடகைல அடக்கம், அதுக்கு மேல எடுத்தா காப்பிக்கு இவ்வளவுன்னு கறந்தாங்க. இன்னைக்கும் கேஎல்ல ஆபிஸ் ஆபிஸா காப்பி மெஷின் வாடகைக்கு விடுறவங்க அதே கணக்குலதான் ஓட்டுறாங்க. மார்க்கெட்டிங்ல என்னங்க மாறிப்போச்சு?

கேக்காத விளம்பரம் வந்து விழுறது வாட்ஸ்அப்ல ஆரம்பிச்சதுன்னு நெனைக்கிறீங்களா. 1864-ல லண்டன்ல ஒரு பல் வைத்தியர் தன்னோட கிளினிக்க பத்தி பெரிய மனுஷங்க வீட்டுக்கெல்லாம் தந்தி அடிச்சாரு, தந்தின்னா சாவுச் செய்தியோன்னு பதறிப் பிரிச்சவங்களுக்குக் கோபம் எப்படி வந்திருக்கும். 1978 மே 3-ஆம் தேதி டெக் கம்பெனி மார்க்கெட்டிங் ஆளு கேரி தர்க், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்ல இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே ஈமெயில்ல கம்ப்யூட்டர் விளம்பரம் அனுப்பி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு, ஆனா அதுல வியாபாரமும் ஆச்சுன்னு பின்னால அவரே சொல்லிக்கிட்டாரு. நம்ம ஊரு கந்துவட்டி ஆ லோங் ஆளுங்களுக்கு இதெல்லாம் எதுவும் வேணாம். லைட் கம்பத்துல ஸ்டிக்கரு, அதுல ஒரு போன் நம்பரு, முடிஞ்சுது. டிக்டாக் லைவ்னு பெருசா சொல்றீங்க, மஸ்ஜித் இந்தியா பக்கம் சேலைய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு போனைப் பாத்து "இன்னும் அஞ்சு பீஸுதான் அக்கா"ன்னு கத்துற பொண்ணும் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைல "லெலோங் லெலோங்"னு ஏலம் கூவுன மனுஷனும் ஒரே தொழில்தான் பண்றாங்க, அவரு மழை வந்தா கடைய மூடணும், இந்தப் பொண்ணு லைன் போனா மூடணும்.

விளம்பரத்த பத்தி பேச ஆரம்பிச்சா என் பழைய சண்டை வராம இருக்காதுன்னு நம்ம வாசகர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் பெரிய பெரிய கம்பெனில இருந்து வாழ்த்து விளம்பரம் வரும், படம் பிரமாதமா இருக்கும், தமிழப் பாத்தா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம், நடுவுல வட்டமா புள்ளி புள்ளியா ஒண்ணு. திருத்தித் தாங்கன்னா "சாஃப்ட்வேர்ல அப்படித்தான் வருது"ம்பான் ஏஜென்சிக்காரன். எந்த ஊர்ல ஒக்காந்துக்கிட்டு இதைச் சொல்றான்? தமிழ் டைப்ரைட்டருக்கு விசைப்பலகை அமைச்ச ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துல பொறந்து மலாயாவுக்குப் பொழைக்க வந்த மனுஷன். முரசு அஞ்சல்னு தமிழ் டைப் அடிக்கிற சாஃப்ட்வேர் செஞ்ச முத்து நெடுமாறன் நம்ம மலேசியாக்காரர். 2001 தமிழ் இணைய மாநாடு இதே கேஎல்ல நடந்துச்சு. போன்லயே தமிழ் எழுத செல்லினம் வந்து 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. இவ்வளவுக்கு அப்புறமும் ஒரு கொம்ப அதோட எழுத்துக்கு முன்னால வைக்கத் தெரியலன்னா அது சாஃப்ட்வேர் குத்தமா? இதைக் கேட்டதுக்கு "உங்க வாசகருக்கு வாங்குற சக்தி கம்மி சார்"னு ஒருத்தர் சொன்னாரு. அவரோட பேச்ச விட்டு ரொம்ப காலமாச்சு.

எங்கயோ போயிட்டேன். ஆபிஸ்தானே கேட்டீங்க. லெபோ அம்பாங் தெருவுல செட்டியாருங்க வட்டித்தொழில் பண்ண கிட்டங்கி இருந்துச்சு. ஒரு நீள கூடம், அதுல பல மார்க்கா, அதாவது தனித்தனி கம்பெனி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு மரப்பெட்டி, அதுக்கு முன்னால பாய் போட்டு ஒக்காந்து பேரேடு எழுதுவாங்க. இன்னைக்கு பங்சார்ல அதுக்கே கோ-வொர்க்கிங்னு போர்டு மாட்டி மாச வாடகை வாங்குறாங்க. ஆனா அந்தக் கூடத்துல மேலாள் உண்டு, அடுத்தாள் உண்டு, பெட்டியடிப் பையன் உண்டு. நம்ம காலத்து ஆபிஸ்லயும் அப்படித்தானே, டைப்பிஸ்ட், டெலிபோன் ஆப்பரேட்டர், ஃபைலிங் கிராணி, கடுதாசி கொண்டுபோக மோட்டார் சைக்கிள்ல ஒரு பையன். எஸ்டேட்ல ஐந்தாம் படிவம் முடிச்ச பொண்ணுங்க டைப்பிங் கிளாஸுக்கும் எல்சிசிஐங்குற லண்டன் வணிகப் பரீட்சைக்கும் பஸ் ஏறிப் போயி, அந்த சர்டிபிகேட்ட வச்சுத்தான் லயத்த விட்டு வெளிய வந்தாங்க, எத்தனை குடும்பம் அந்த ஒரு சம்பளத்துல டவுனுக்கு வந்துச்சு. மெஷின் ஒண்ணும் போகல தம்பி, இந்த ஆளுங்கதான் போயிட்டாங்க. அவங்க வேலை எங்க போச்சுன்னா உங்க தலைலதான் வந்து விழுந்திருக்கு. டைப் அடிக்கிறது நீங்க, போன் எடுக்குறது நீங்க, ஸ்கேன் பண்றது நீங்க, இப்ப வருமான வரி ஆபிஸ் எல்எச்டிஎன் கேக்குற இ-இன்வாய்ஸ் போடுறதும் நீங்களாத்தான் இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு ஆபிஸ் குரூப்ல "நோட்டட் பாஸ்"னு போடுறதும் நீங்கதான். நாலு பேரு வேலைய பாக்குறீங்க, நாலு பேரு சம்பளம் வருதா?

வரலன்னா லாபம் யாருக்குன்னு உங்க முதலாளிய கேளுங்க, எனக்கு ஏன் எழுதுறீங்க.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புறவங்களுக்கு ஒரு வார்த்தை: தபால், ஈமெயில், வாட்ஸ்அப் எதுலயும் அனுப்பலாம், வாய்ஸ் நோட்டு மட்டும் வேணாம். கிள்ளான் வாசகர் ஒருத்தர் அனுப்பினதுல கேள்வி கால்வாசிதான், மிச்சமெல்லாம் மாமாக் கடைல அவரு ரொட்டி சானாய்க்கும் தே தாரேக்கும் ஆர்டர் குடுக்குறது. ரெண்டு தடவ கேட்டும் அவரு என்ன கேக்குறாருன்னு புரியல, கறி தனியா வேணுமாம், அது மட்டும் தெளிவா கேட்டுச்சு.