டெர்மினலில் (எழுத்துக் கட்டளைத் திரையில்) ஓடும் மட் (mutt) மெயில் நிரலில் பெட்டிகளை எப்படிப் பிரித்துப் பெயர் வைப்பது? (புதுச்சேரியில் வரி ஆலோசகர் அலுவலகம், கடலூர் சிப்காட் பார்ட்டிகளின் மெயில்கள் 'புதுசு', 'பழசு', 'மற்றவை' என்று கிடக்கின்றன)

'பழசு' என்ற பெட்டிக்கு முடிவே கிடையாது, வளர்ந்துகொண்டே போகும். பெட்டியை எப்போது மூடலாம் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். பார்ட்டி பெயர் முதலில், நிதியாண்டு அடுத்து: 'paint-2024-25'. மட் பட்டியலை அகர வரிசையில் காட்டுவதால் ஒரு பார்ட்டியின் எல்லா ஆண்டும் அடுத்தடுத்து நிற்கும். கோப்புப் பெயரில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளே போதும், இடைவெளி வேண்டாம். தமிழ்ப் பெயரை லினக்ஸ் ஏற்கும், ஆனால் பல டெர்மினல்களில் எழுத்து குலைந்து தெரியும்.

மார்ச் 31 அன்றே மூடிவிடாதீர்கள். 2024-25-க்கான ஜிஎஸ்டிஆர்-9 படிவத்துக்கு (ஜிஎஸ்டி ஆண்டு அறிக்கை) சட்டப்படி கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அதுவரை மெயில் வரும், ஜனவரியில் மூடலாம்.

நடப்புப் பெட்டிகளை மெயில்டிர் வடிவில் வையுங்கள். மெயிலுக்கு ஒரு கோப்பு என்பதால் நடுவில் கரண்ட் போனாலும் மற்ற மெயில்களுக்குச் சேதமில்லை. எம்பாக்ஸில் எல்லாம் ஒரே கோப்பு. ஒரு மெயிலை அழித்தாலும் கோப்பைத் திருத்தி எழுத வேண்டும், நடுவில் கரண்ட் போனால் கோப்பே கெடலாம். தானே புயல் பார்த்த ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூடிய ஆண்டில் யாரும் கை வைக்கப் போவதில்லை, அதற்கு எம்பாக்ஸே வசதி. பென்டிரைவில் நகல் எடுக்கவும் அதுதான் தோது: மெயில்டிர் கோப்புப் பெயரில் ':2,' என்று வரும், அந்த முக்காற்புள்ளியை பென்டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32 வடிவம் ஏற்காது. மெயில்டிரை அப்படியே கொண்டுபோக வேண்டுமென்றால் டார் (tar) போட்டு ஒரே கோப்பாகக் கட்டி எடுங்கள்.

பழசைப் பிரிக்க: முதலில் 'எம்பாக்ஸ் அண்டர்ஸ்கோர் டைப்' (mbox_type) அமைப்பை எம்பாக்ஸுக்கு மாற்றுங்கள், புதுப் பெட்டி எந்த வடிவில் உருவாகும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். பிறகு பெரிய டி (T) அழுத்தி '~d 01/04/2024-31/03/2025' கொடுத்தால் அந்த ஆண்டு மெயில்களுக்குக் குறி விழும். பார்ட்டி வாரியாக எடுக்க அதோடு '~f' போட்டு அனுப்புநர் முகவரியையும் சேருங்கள். பிறகு அரைப்புள்ளி (;), சின்ன எஸ் (s), புதுப் பெட்டியின் பெயர் என வரிசையாகக் கொடுங்கள். எஸ் கொடுத்தால் பழைய பெட்டியில் அழிப்புக் குறி விழும். பயமாக இருந்தால் எஸ்ஸுக்குப் பதில் பெரிய சி (C), அது நகல் மட்டும் எடுக்கும். '~d' பார்ப்பது அனுப்பியவர் கணினியின் தேதியை. அது தப்பாக இருந்தால் மெயில் நழுவிவிடும், மெயில் வந்து சேர்ந்த தேதியைப் பார்க்கும் '~r' வைத்தும் ஒருமுறை தேடுங்கள். முடிந்ததும் வடிவ அமைப்பை மெயில்டிருக்கே திருப்பிவிடுங்கள்.

அனுப்பிய மெயிலுக்கு மட்டின் அமைப்புக் கோப்பில் 'ரெக்கார்ட்' (record) வரியில், தேதியைத் தரும் டேட் (date) கட்டளை வைத்து மாதப் பெட்டி அமைப்பவர்கள் உண்டு. மட் திறக்கும்போது மட்டுமே அந்தக் கட்டளை ஓடும். மாதக் கடைசியில் மட்டை மூடாமல் விட்டால் மே மாத மெயிலும் ஏப்ரல் பெட்டியில்தான் விழும்.