‘அங்கேயா சேர்க்கிறீர்கள்?’: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு எங்கள் வட்டாரத்து அரசுப் பல்கலைக்கழகத்தில், அவள் விரும்பிய உயிர்வேதியியல் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஊரறிந்த பெயர் கொண்ட, தொலைவில் உள்ள வேறொரு பல்கலைக்கழகத்திலும் கிடைத்திருக்கிறது. ஆனால் அங்கே அவள் இரண்டாவதாகக் குறித்திருந்த பாடம்தான். முதலாவதன் பெயரைச் சொன்னாலே உறவினர்கள் ‘அங்கேயா சேர்க்கிறீர்கள்?’ என்று முகம் சுளிக்கிறார்கள். பெயருக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது?
(ஒரு தாய்)

பதில்: முகம் சுளித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், படித்திருந்தால் எந்த ஆண்டில், எந்தத் துறையில் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது இருபது ஆண்டுகளுக்கு முன் கேள்விப்பட்ட செய்தியாகவே இருக்கும். ஒரு பல்கலைக்கழகத்தின் நற்பெயரும் கெட்ட பெயரும் அங்கே நடப்பதற்குப் பல ஆண்டுகள் பின்தங்கியே வெளியே வருகின்றன. திறமையான ஆசிரியர்கள் ஓய்வுபெற்றுப் போன பின்னும் பெயர் நிலைத்திருக்கும், புதியவர்கள் வந்து துறையைத் தூக்கி நிறுத்திய பின்னும் பழைய ஏளனம் தொடரும்.

பெயர் எதனால் உண்டாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழமை, ஆராய்ச்சி, எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற கணக்கு ஆகியவையே அதற்குப் பெரிய காரணங்கள். வட்டார அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவும் இவற்றில் கடைசியானதைத் தேடிக்கொள்ளவே முடியாது. ஏனெனில் தம் வட்டாரத்துப் பிள்ளைகளை இயன்றவரை சேர்த்துக்கொள்வதே அவற்றின் வேலை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1960-இல் வகுத்த உயர்கல்வித் திட்டம் இதை எழுத்திலேயே பிரித்து வைத்தது: பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், ஆராய்ச்சியும் முனைவர் பட்டமும் முதன்மையாக முன்னதற்கு, கற்பித்தல் பின்னதற்கு. முன்னதற்கு உலகப் புகழ் வந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தப் புகழை மட்டும் வைத்துப் பின்னதன் வகுப்பறைகள் தாழ்ந்தவை என்று முடிவு கட்டினால், கொடுக்கப்பட்ட வேலையை வைத்துத் தரத்தை அளந்ததாகிவிடும்.

எனவே பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, உங்கள் மகள் மூன்று நான்கு ஆண்டுகள் உட்காரப்போகும் துறையைப் பாருங்கள். அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், முதலாண்டு வகுப்புகளை எடுப்பவர்கள் அவர்களா, ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கும் தற்காலிக ஆசிரியர்களா என்பது முதலில் தெரிய வேண்டும். உயிர்வேதியியல் என்பதால் ஆய்வகத்தை நேரில் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். கருவிகளின் பட்டியல் எவ்வளவு நீளமானது என்பதைவிட, ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள், அதை இளநிலை மாணவர்கள் தொட விடுவார்களா, தூரத்தில் நின்று பார்க்க மட்டுந்தானா என்பதே கேட்கத்தக்கது. இதற்குச் சேர்க்கைக்காக ஏற்பாடு செய்யும் திறந்த நாள் உதவாது. சாதாரண வேலைநாள் ஒன்றில் போய், இரண்டாம் ஆண்டு முடிக்கும் நிலையில் உள்ள மாணவியர் ஓரிருவரிடம் பேசுங்கள். முதலாண்டு மாணவர்களிடம் இன்னும் மயக்கம் இருக்கும். இறுதியாண்டு மாணவர்களோ வெளியேறும் அவசரத்தில் இருப்பார்கள்.

சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியே வருகிறார்கள் என்ற எண்ணையும் கேளுங்கள். இந்த எண் வட்டாரப் பல்கலைக்கழகங்களில் பல நேரங்களில் குறைவாக இருக்கும், ஆனால் அதை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. வேலை பார்த்துக்கொண்டும் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டும் படிப்பவர்கள் அங்கே அதிகம். இடையில் நின்றவர்கள் பணமில்லாமல் நின்றார்களா, தேவையான பாடம் அந்தப் பருவத்தில் நடத்தப்படாததால் ஆண்டு வீணாகி நின்றார்களா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. இரண்டாவது காரணம் அடிக்கடி காதில் விழுந்தால், உறவினர்களின் முகச்சுளிப்புக்கு உண்மையான ஆதாரம் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

துறை சுமாராகவேனும் நன்றாக இருக்குமானால், விரும்பிய பாடத்தின் பக்கமே நான் நிற்பேன். பெயருக்காக ஏற்றுக்கொண்ட பாடத்தைப் படிக்க வேண்டியவர் உறவினர் அல்லர், உங்கள் மகள்.

கேள்வி: உலகத் தரவரிசைப் பட்டியல்களில் எங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், எங்குமே இல்லை. பட்டியலிலேயே இல்லாத இடத்தில் சேர்வது சரியா?
(ஒரு மாணவர்)

பதில்: பட்டியல் எதை அளக்கிறது என்று பார்த்துவிட்டு வருத்தப்படுங்கள். 2003-இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசையில், முன்னாள் மாணவர்கள் பெற்ற நோபல் பரிசுகளுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கங்களுக்கும் 10 சதவீதம், ஆசிரியர்கள் பெற்றவற்றுக்கு 20 சதவீதம் மதிப்பெண். மீதியும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் அதிகமாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களையும் சார்ந்தது. இயற்பியல் முதலாண்டு வகுப்பில் ஒரு சந்தேகத்தைக் கேட்டால் யார் பதில் சொல்வார்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை. மற்றோர் உலகப் பட்டியலான கியூஎஸ் தரவரிசையில் கல்வியாளர்களிடம் கேட்டுப் பெறும் ‘நற்பெயர்’ மட்டுமே பல ஆண்டுகளாக 40 சதவீதமாக இருந்து, 2024-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 30 ஆகக் குறைக்கப்பட்டது. ஆசிரியர்–மாணவர் விகிதம் என்ற, வகுப்பறையைக் கொஞ்சமாவது தொடும் அளவுகோலும் அதே பதிப்பில் 20-இலிருந்து 10 ஆகிவிட்டது.

நற்பெயரைக் கேட்டு எழுதும் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவின் யுஎஸ் நியூஸ் இதழ் 1983-இல் வெளியிட்ட முதல் தரவரிசை, கல்லூரித் தலைவர்களின் கருத்தை மட்டுமே கேட்டுத் தயாரானது. எல்லாக் கல்லூரிகளையும் நேரில் அறிந்தவர் எவரும் இருக்க முடியாது. எனவே கேட்கப்பட்டவர் தாம் ஏற்கெனவே கேள்விப்பட்ட பெயர்களைச் சொல்வார், பட்டியல் அந்தப் பெயர்களை அச்சிடும், அடுத்த முறை கேட்கப்படுபவர் அச்சில் பார்த்ததையே திருப்பிச் சொல்வார். எண்களை வைத்துக் கணக்கிடும் பகுதியும் அப்பழுக்கற்றது அன்று. 2022-இல் கொலம்பியா பல்கலைக்கழகம், தான் அனுப்பிய வகுப்பு அளவு முதலான தரவுகள் சிலவற்றில் பிழை இருந்ததை ஒப்புக்கொண்டது. அதே இதழின் பட்டியலில் அதன் இடம் 2-இலிருந்து 18-க்கு இறங்கியது. அந்த ஓராண்டில் அங்கே கற்பித்தல் பதினாறு படி தாழ்ந்துவிட்டதாக யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று: அதே இதழ், இளநிலைப் படிப்புகளை முழு அளவிலும் முதுநிலைப் படிப்புகள் சிலவற்றையும் நடத்தி, முனைவர் படிப்பு மிகச் சிலவே வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களை ‘வட்டாரப் பல்கலைக்கழகங்கள்’ என்று தனியே பிரித்து, நான்கு பகுதிகளாக வரிசைப்படுத்துகிறது. உங்கள் பல்கலைக்கழகத்தையும் அதைப் போன்ற பிற நிறுவனங்களோடு ஒப்பிட முடிந்தால் ஒப்பிடுங்கள்.

கேள்வி: நான் பள்ளியோடு நின்றவன், எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் என் மகன்தான். ‘பெயர் முக்கியமில்லை, பிள்ளை படித்தால் போதும்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். வேலை கொடுப்பவர்கள் உண்மையில் பெயரைப் பார்க்க மாட்டார்களா?
(ஒரு தந்தை)

பதில்: பார்ப்பார்கள். அதிலும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு, மற்றவர்களைவிடப் பெயர் சற்றுக் கூடுதலாகவே உதவக்கூடும் என்பதால், அந்த ஆறுதலை நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

பொருளியலாளர்கள் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 1976-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களில், ஒரே தரத்துக் கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வெவ்வேறு கல்லூரிகளைத் தேர்ந்துகொண்டவர்களை ஒப்பிட்டு, பிற்கால வருமானத்தைப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு, கடினமாகத் தேர்ந்தெடுக்கும் கல்லூரியில் படித்ததால் வருமானம் கூடவில்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடியது. பெற்றோர் அதிகம் படிக்காதவர்களுக்கும் பலன் உண்டு என்று அவர்களுடைய பின்னைய ஆய்வு காட்டியது. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைக்கும் அறிமுகங்கள், மற்றப் பிள்ளைக்குக் கல்லூரி வழியாகத்தான் கிடைக்கின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அவர்கள் ஆராய்ந்தவை பெரும்பாலும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரிகள். வட்டார அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அந்த முடிவை அப்படியே இழுத்துக்கொண்டு வர முடியாது.

அந்தப் பக்கத்தைப் பற்றிய சான்று வேறோர் ஆய்வில் இருக்கிறது. பொருளியலாளர் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் வரிக் கணக்குத் தரவுகளை ஆராய்ந்தபோது, வருமானத்தில் கடைசி ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களை முதல் ஐந்தில் ஒரு பங்குக்கு உயர்த்துவதில் முன்னணியில் நின்றது, முதல் பதிலில் சொன்ன கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகம்; அதன் மாணவர்களில் கிட்டத்தட்ட 10 சதவீதம் பேர் அவ்வாறு உயர்ந்தவர்கள். உலகப் புகழ் பெற்றவை இந்தக் கணக்கில் பின்தங்கியதற்குக் காரணம், அத்தகைய பிள்ளைகளை அவை மிகக் குறைவாகச் சேர்த்ததே.

ஆகவே உங்கள் மகன் எந்தத் தொழிலுக்குப் போக நினைக்கிறார் என்பதைப் பொறுத்தே பதில் அமையும். முதலீட்டு வங்கி, பெரிய ஆலோசனை நிறுவனங்கள் போன்றவை குறிப்பிட்ட சில வளாகங்களுக்கே ஆள் தேடிப் போகின்றன. அங்கே பெயர் ஒரு வாசல். ஆசிரியர், செவிலியர், கணக்காளர், பொறியாளர் வேலைகளில் உரிமமும் அங்கீகாரமும் முந்துகின்றன. பொறியியலில், ஒருவர் அங்கீகரித்த பட்டப்படிப்பை மற்றவரும் ஏற்பதற்காக 1989-இல் ஆறு நாடுகளின் அமைப்புகள் செய்துகொண்ட வாஷிங்டன் உடன்படிக்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அது பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு பட்டப்படிப்பும் தனித்தனியே அங்கீகாரம் பெற்றதா என்றே பார்க்கிறது. ஒரே வளாகத்தில் ஒரு பிரிவுக்கு அங்கீகாரம் இருந்து மற்றொன்றுக்கு இல்லாமல் போகலாம் என்பதால், மகன் சேரவிருக்கும் பிரிவுக்கு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே, வட்டாரத்து அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் ஆளெடுக்கும் இடத்தில் அமர்ந்திருப்பவர்களில் பலர் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர்களாக இருப்பார்கள். அவர்களைத் துறை அழைத்துப் பேச வைக்கிறதா, பயிற்சிக்கு மாணவர்களை அவர்களிடம் அனுப்புகிறதா என்று விசாரியுங்கள். உங்கள் வீட்டில் கிடைக்காத அறிமுகம் அங்கே கிடைக்குமானால், தூரத்துப் பெயரின் பாதிப் பயன் பக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி: வட்டாரப் பல்கலைக்கழகத்தில் இளநிலை முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்குப் பெரிய இடத்துக்குப் போக முடியுமா?
(ஒரு மாணவி)

பதில்: முடியும். ஆனால் அதற்கான வேலை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். சேர்க்கைக் குழுவினர் மதிப்பெண்ணோடு, ஆராய்ச்சி அனுபவத்தையும் ஆசிரியர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதங்களையும் படிப்பார்கள். ‘வகுப்புக்கு ஒழுங்காக வந்தார்’ என்பதைத் தாண்டி எழுத வேண்டுமானால், ஆசிரியருக்கு உங்களை உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர், முனைவர் மாணவர்களின் வரிசைக்குப் பின்னால் நிற்க நேரிடலாம். முனைவர் மாணவர்களே இல்லாத துறையில் பேராசிரியரின் ஆய்வுக்குக் கைகொடுக்க இளநிலை மாணவர்தான் இருக்கிறார். ஆனால் அங்கே ஆய்வே நடக்காவிட்டால் அந்த வாய்ப்பும் இல்லை. உங்கள் துறையின் ஆசிரியர்களில் அண்மைய ஆண்டுகளில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்கள் யார், அவற்றில் இளநிலை மாணவர் எவர் பெயராவது சேர்ந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்து, அந்த ஆசிரியரின் வகுப்பில் இரண்டாம் ஆண்டின் முதல் பருவத்திலேயே போய் உட்காருங்கள்.