மலை ஏறுறது பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றன்

மட்டக்களப்பு அம்பாறை ஆக்கள் நமக்கு மலைன்னா பதுளை பஸ்ஸில ஜன்னலால பார்க்கிறதுதான். ஏறிப் பார்க்கணும் எண்டு கேட்ட ஆக்களுக்கு பதில் கீழ.

களுவாஞ்சிகுடி தம்பி: மலையே ஏறினதில்ல அண்ணன், முதல்ல எங்க போற?
பதுளைப் பக்கம் இருக்கிற எல்ல ஊருக்குப் போ. லிட்டில் அடம்ஸ் பீக் 1,141 மீற்றர், தேயிலைத் தோட்டத்துக்குள்ளால நடக்கிறது, கடைசியில கொஞ்சம் படி, அவ்வளவுதான். அது லேசா இருந்தா அடுத்த நாள் எல்ல ரொக். புதுச் சப்பாத்தோட மட்டும் போயிராத, ஊருக்குள்ள ரெண்டு கிழமை போட்டு நடந்துட்டுப் போ.

ஏறாவூர்: குடும்பிமலை பக்கத்திலதானே, தனியப் போகலாமா?
வேணாம். ஆனை திரியிற இடம், விடியக்காலையும் பொழுதுபடக்குள்ளயும் பாதையில நிக்கிறது ஆபத்து, கிரான் பக்கத்து ஆக்கள்ட்ட விசாரிச்சு வழி தெரிஞ்ச ஒராளோட போங்க. ஆனையை விட எனக்குப் பயம் வெயிலுக்குத்தான், ஏனெண்டா கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில பாறை சூடேறி கீழ இருந்தும் சுடும் மேல இருந்தும் சுடும், வேர்வை காத்தோட காஞ்சி போறதால எவ்வளவு தண்ணி உடம்பில இருந்து போகுதெண்டே தெரியாது. ஆளுக்கு மூணு லீற்றர் குறையாம கொண்டு போங்க, வெறும் தண்ணிய மட்டும் குடிச்சிட்டே இருந்தாலும் சரிவராது, உப்பும் போகுதுதானே, ஜீவனி (தண்ணில கரைச்சுக் குடிக்கிற உப்புத்தூள்) ரெண்டு பக்கெட் பேக்ல கிடக்கட்டும். தலையிடி, ஓங்காளம் வந்து ஆள் ஒரு மாதிரி பேசத் தொடங்கினா ஏறுறத விட்டுட்டு நிழல்ல கிடத்தி உடம்பை நனைச்சு விசுக்குங்க, உடனே 1990 அம்புலன்சுக்கும் எடுங்க.

காரைதீவு அக்கா: அம்மாக்கு 62 வயசு, முழங்கால் வருத்தம். சிவனொளிபாதமலைக்கு கூட்டிப் போகலாமா?
டொக்டர்ட்ட கேட்டுட்டு கூட்டிப் போங்க அக்கா. நல்லதண்ணிப் பக்கத்தால 5,000 படிக்கு மேல. எல்லாரும் ஏறுறதுக்குத்தான் பயப்படுறாங்க, முழங்காலைத் திங்கிறது இறக்கம். இறங்கக்குள்ள கம்பு ஒண்டு, சின்னச் சின்ன அடி, அவசரமே வேணாம். டிசம்பர் போயாவில (பௌர்ணமி) இருந்து வெசாக் வரைக்கும்தான் சீசன், அதுக்குள்ள போயா நாளும் சனி ஞாயிறும் இல்லாத ஒரு நாள் பாருங்க, சனநெரிசலுக்குள்ள மணிக்கணக்கா படியில நிக்கிறது அம்மாக்கு ஏலா. பாதியில திரும்பணும் எண்டு சொன்னா திரும்பிருங்க.

அக்கரைப்பற்று: எந்த மாசம் நல்லம்?
ஹட்டன், நுவரெலியா பக்கமெண்டா ஜனவரி கடைசியில இருந்து மார்ச். மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும் அங்க தென்மேல் மழை. ஒக்டோபர், நவம்பர்ல பின்னேரம் இடி மின்னல், மத்தியானத்துக்கு முந்தி உச்சியில இருந்து இறங்கிரணும். நக்கிள்ஸ் மலைத்தொடர் கிழக்குச் சரிவில நமக்கு மழை பெய்யக்குள்ள அங்கயும் கொட்டும், டிசம்பர்ல போய் மாட்டிக்காதீங்க.

கல்முனை: அட்டைக்கு என்ன செய்ற?
நீளச் சொக்ஸ், அதில சவர்க்காரம் பூசுங்க. கடிச்சா நகத்தால வழிச்சு விடுங்க, நெருப்பு வைக்காதீங்க.

செங்கலடி: எல்லயெல்லாம் முடிச்சாச்சு, அடுத்தது?
கிரிகல்பொத்த மலை. நாட்டிலேயே உயரம் பிதுருதலாகல, 2,524 மீற்றர், ஆனா உச்சி பாதுகாப்பு வலயம், அதால நடந்து ஏறக்கூடியதில உயரம் கிரிகல்பொத்ததான், கிட்டத்தட்ட 2,390. ஹோட்டன் சமவெளிக்குள்ளால போக ஏழு கிலோமீற்றர் வர ஏழு, சேறு, மூடுபனி வந்தா வழி தெரியாது, அதால போகக்குள்ளயே திரும்புற நேரத்த முடிவு பண்ணிருங்க, உச்சி பத்து நிமிசத்தில எண்டாலும் நேரம் வந்தா திரும்பணும். ஆயிரம் மீற்றர் ஏறினா ஆறேழு பாகை குளிர் கூடும், சேர்ட்டோட மட்டும் போற ஆக்களைப் பார்த்தா எனக்கு கோவம்தான் வரும்.

மறுகா அதே ஆள்: எவரஸ்ட் பேஸ் கேம்ப்?
அது 5,364 மீற்றர். நம்ம நாட்டில எங்க ஏறினாலும் கால் பழகும், உயரம் பழகாது, உயரத்தில காத்துக் குறையிறதால வார உயர வருத்தம் தொடங்குறதே 2,500க்கு மேலதான். 3,000 தாண்டினா படுக்கிற இடம் ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல கூடக்கூடாது, இடைக்கிடை ஓய்வு நாளும் வேணும். லீவு பத்து நாள்தான் எண்டா இப்ப போகாதீங்க.