முதலில் சவுண்ட் கார்டு, பிறகு மதர்போர்டு

கேள்வி: எனக்கு வயது 43. சித்தப்பா வீட்டுக் கணினியில் சிறுவயதில் விளையாடிய ஆட்டங்களை, அந்தக் காலத்துக் கணினியிலேயே மறுபடி விளையாட ஆசை. விங் கமாண்டர், டூம், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், ஹாஃப் லைஃப் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். என் முன்னால் மூன்று மதர்போர்டுகள் இருக்கின்றன. ஒன்று 486 போர்டு. மலிவு, ஆனால் பேட்டரியைச் சுற்றிப் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. இரண்டாவது 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட ஸ்லாட் 1 போர்டு, பென்டியம் 2 400 மெகாஹெர்ட்ஸ் செயலியோடு. மூன்றில் இதற்குத்தான் விலை அதிகம். மூன்றாவது எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் 845ஜிவி பென்டியம் 4 போர்டு, செலவே இல்லை. எதை வைத்துக் கட்டலாம்? புதிய எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கிப் பெட்டி) பொருந்துமா?

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன், உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு பொருளைப் பற்றிக் கேட்கிறேன். சவுண்ட் கார்டு எங்கே? செயலியின் வேகத்தை எழுதியிருக்கிறீர்கள், விலையை எழுதியிருக்கிறீர்கள். சத்தம் எங்கிருந்து வரும் என்று யோசிக்கவில்லை. பழைய கணினி கட்டுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். ஆட்டம் திரையில் ஓடும். ஆனால் ஊமைப்படமாக ஓடும்.

விண்டோஸ் ஆட்டம் ஒலிக்காக விண்டோஸிடம் கேட்கும். எந்தக் கார்டு என்பது டிரைவரின் கவலை. விண்டோஸுக்கு முன் வழக்கில் இருந்த டாஸ் இயங்குதளத்தின் ஆட்டத்துக்கு அப்படி இடைத்தரகர் கிடையாது. அது நேராக 220 என்ற முகவரிக்குப் போய், ஐஆர்கியூ (செயலியைக் கூப்பிடும் தடம்) 5 அல்லது 7, டிஎம்ஏ (நினைவகத்துக்கு நேராகத் தரவு போகும் தடம்) 1 என்ற தடங்களில் ஒரு சவுண்ட் பிளாஸ்டரை, அதாவது கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் கார்டை, தேடும். அந்தத் தடங்கள் கார்டு செருகும் பழைய வகையான ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் இருக்கின்றன. அதற்குப் பின் வந்த பிசிஐ ஸ்லாட்டில் அவை கிடையாது. பிசிஐ கார்டை வைத்து டாஸை ஏமாற்ற வழிகள் உண்டு. சில யமஹா சிப் கார்டுகள் நன்றாகவே ஏமாற்றும். இருந்தாலும் ஓர் ஆட்டத்தில் பாடுவது அடுத்ததில் விக்கும். ஆகவே போர்டைத் திருப்பிப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது ஓரத்தில் இருக்கும் அந்த நீளமான கறுப்பு ஸ்லாட்டைத்தான். அதில் ஒரு சவுண்ட் பிளாஸ்டர் 16 அல்லது ஏடபிள்யூஇ64 உட்கார்ந்துவிட்டால் டாஸ் பக்கக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

440பிஎக்ஸ் இன்டெல் 1998இல் வெளியிட்ட சிப்செட், அதாவது செயலியை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்புகளின் தொகுப்பு. கிராபிக்ஸுக்கு ஏஜிபி, சுற்றிலும் பிசிஐ, ஓரத்தில் ஐஎஸ்ஏ என்று மூன்று தலைமுறை ஸ்லாட்டுகள் ஒரே போர்டில் சேர்ந்திருந்த காலம் அது. சில ஆண்டுகளில் ஐஎஸ்ஏ காணாமல் போனது. ஆசுஸ் பி2பி, பி3பி-எஃப், ஏபிட் பிஎச்6 போன்ற போர்டுகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் துரத்துவதற்கு இந்தச் சந்திப்புதான் காரணம். விலை ஏறியதற்கும் அதே காரணம். உங்கள் விற்பனையாளர் சொல்கிற விலை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும், போர்டு ஆரோக்கியமாக இருந்தால் நான் பேரம் பேசிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் பட்டியலை இதில் ஓட்டிப் பார்ப்போம். ஹாஃப் லைஃப் 1998இல் வந்தது. பென்டியம் 2 400, ஒரு வூடூ 3 கிராபிக்ஸ் கார்டு என்றால் அந்தக் காலத்துப் பணக்கார வீட்டுக் கணினி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இதற்குத் தூசு. டூம் எவ்வளவு வேகமான செயலியிலும் நொடிக்கு 35 ஃபிரேம்களைத் தாண்டாது; அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆகவே அதுவும் ஒழுங்காக ஓடும்.

சிக்கல் விங் கமாண்டரில் இருக்கிறது. 1990இல் வந்த அந்த ஆட்டம் செயலி எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக ஓடும். பென்டியம் 2இல் எதிரி விமானம் கண்ணுக்குத் தெரிவதற்குள் நீங்கள் செத்திருப்பீர்கள். பயாஸுக்குள் (கணினி எழும்போது வரும் அமைப்புத் திரை) போய் செயலியின் உள் கேஷை (அதற்குள் இருக்கும் சிறு வேக நினைவகம்) அணைத்துவிட்டால் கணினி ஏறத்தாழ 386 வேகத்துக்கு இறங்கிவிடும், அப்போது விளையாடலாம். நடுவில் உள்ள 486 வேகத்தைப் பிடிப்பதுதான் பென்டியம் 2இல் கடினம். பழைய ஆட்டங்களே உங்கள் பட்டியலில் நிறைந்திருந்தால் சூப்பர் சாக்கெட் 7 என்ற வகைப் போர்டில் ஏஎம்டி கே6-2+ செயலியைப் போடச் சொல்லியிருப்பேன். அதன் பெருக்கி எண்ணை டாஸிலிருந்தே ஒரு சிறு நிரலால் மாற்றலாம். வேகத்தை ரேடியோவின் ஒலித் திருகு போலக் கூட்டிக் குறைக்கலாம். ஒரே ஓர் ஆட்டத்துக்காக அந்தப் பாதையில் போக வேண்டாம்.

டாஸ் ஆட்டம் எதையாவது தொடங்கியதும் 'ரன்டைம் எரர் 200' என்று வந்து நின்றால் போர்டைச் சந்தேகிக்காதீர்கள். டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதிய பல நிரல்கள் தொடக்கத்தில் செயலியின் வேகத்தை அளந்து பார்க்கும். ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். அதற்குத் திருத்த நிரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன.

இனி பரணில் கிடக்கும் 845ஜிவி. ஒரு காலத்தில் நம் ஊர் பிரவுசிங் சென்டர்களிலும் வீடுகளிலும் இந்த வகைப் போர்டுகள்தான் எங்கு பார்த்தாலும் இருந்தன. இன்றைக்கும் காயலான் கடையில் முதலில் கையில் தட்டுப்படுவது இவைதான். பெயரில் உள்ள 'ஜிவி'யைக் கவனியுங்கள். அதற்கு ஏஜிபி இணைப்பே கிடையாது. போர்டோடு வந்த கிராபிக்ஸ்தான். மிஞ்சினால் ஒரு பிசிஐ கார்டு. ஐஎஸ்ஏயும் இல்லை, ஆகவே டாஸில் ஊமை. ஆனாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரலில் உங்கள் டாஸ் ஆட்டங்களை ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது ஆட்டம் மட்டும்தான் என்றால் ஒரு பைசா செலவில்லாமல் விஷயம் முடிந்தது. பழைய இயந்திரத்தின் விசிறிச் சத்தமும் கட்டக் கட்டக் கை கறுப்பதும் வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அந்த 845 காலத்துப் போர்டு எதுவாக இருந்தாலும் இயக்கும் முன் செயலியைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை வந்த பல போர்டுகளில் தரமற்ற கெபாசிட்டர்கள் புகுந்துவிட்டன. தலை தட்டையாக இருந்தால் நல்லது. பூரி போல உப்பியிருந்தால், அல்லது அடியில் பழுப்பு நீர் கசிந்திருந்தால், மாற்ற வேண்டும். மாற்றும்போது டிவி ரிப்பேர் கடையில் கிடைத்த சாதாரண கெபாசிட்டரைப் போடக் கூடாது. குறைந்த இஎஸ்ஆர் (உள்மின்தடை), 105 டிகிரி வகையைக் கேட்டு வாங்குங்கள். வோல்டேஜ் அதே அளவு அல்லது ஒரு படி கூடுதலாக இருக்கலாம். குறையக் கூடாது.

486 போர்டில் நீங்கள் பார்த்த பச்சை, நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்ததன் அடையாளம். அந்தத் திரவம் காரம். செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே கீபோர்டு கன்ட்ரோலர் வரைக்கும் போகும். 'ஓடும்' என்று விற்பவர் சொல்வது இன்றைக்கு உண்மையாகவே இருக்கலாம். அடுத்த வருடம் எப்படி என்று அவருக்கும் தெரியாது. மிக மலிவாகக் கிடைத்தால், சால்டரிங் பழகுவதற்காக மட்டும் வாங்கலாம். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டு ஒற்றி, காரம் அடங்கியதும் வடிநீரால் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு நாள் காய விடுங்கள். அந்த இடத்தில் சிஆர்2032 பட்டன் பேட்டரியை நேரடியாக இணைக்காதீர்கள். போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், அது சார்ஜ் ஏற்கும் வகை அல்ல. நடுவில் ஒரு டையோடு வேண்டும்.

486 போர்டு பெரும்பாலும் ஏடி என்ற பழைய வகை. அதன் மின் இணைப்பு பி8, பி9 என்று இரண்டு தனித்தனித் துண்டுகள். இரண்டையும் செருகும்போது கறுப்பு ஒயர்கள் நடுவில் சேர வேண்டும். நான் தொழில் பழகிய புதிதில் ஒரு மாலை நேரத்தில் அவசரத்தில் மாற்றிச் செருகினேன். அந்தப் புகையின் வாசனை இப்போதும் நினைவிருக்கிறது. போர்டின் விலை அந்த மாதச் சம்பளத்தில் பிடிபட்டது.

440பிஎக்ஸுக்கு அந்த ஆபத்து இல்லை. உங்களுடையது அதற்குப் பின் வந்த ஏடிஎக்ஸ் வகை என்றால் 20 பின் இணைப்பு. புதிய எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் இணைப்பில் நான்கைக் கழற்றிவிட்டுச் செருகலாம். ஒன்றைப் பார்த்து வாங்குங்கள்: இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் வலுவை எல்லாம் 12 வோல்ட்டில் வைத்திருக்கின்றன, இந்தப் போர்டுகளோ பெரும்பாலும் 5 வோல்ட், 3.3 வோல்ட் தடங்களில் வாழ்பவை. பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 5 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் இருந்தால் உங்கள் கணினிக்குப் போதும். மைனஸ் 5 வோல்ட் புதியவற்றில் இருக்காது. மிகச் சில பழைய ஐஎஸ்ஏ கார்டுகளுக்கு மட்டுமே அது தேவை.

ராம் வாங்கும்போது பலரும் ஏமாறுவார்கள். 256 எம்பி எஸ்டிராம் குச்சியில் எட்டுச் சிப் மட்டும் இருந்தால் 440பிஎக்ஸ் அதைப் பாதியாகத்தான் பார்க்கும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப் இருப்பதாகத் தேடுங்கள். விண்டோஸ் 98க்கு 256 எம்பி தாராளம். 512க்கு மேல் போனால் அதுவே தடுமாறும்.

ஹார்டு டிஸ்கிலும் ஒரு வரம்பு உண்டு. அந்தக் கால அவார்டு பயாஸ்கள் பலவும் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கைக் கண்டதும் அப்படியே உறைந்துவிடும். நான் பழைய டிஸ்கையே தேடுவதில்லை. 16 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை, பழைய ஹார்டு டிஸ்க் இணைப்புக்கு மாற்றித் தரும் ஐடிஇ அடாப்டரில் செருகிவிடுவேன். பழைய டிஸ்கின் கரகர சத்தம் இல்லாமல் என்ன ரெட்ரோ என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும், என் தரவு பத்திரமாக இருக்கிறது.

பின்னாளில் வேகமான பென்டியம் 3 போட ஆசை வரும், வந்தே தீரும். பழைய ஸ்லாட் 1 போர்டுகள் சிலவற்றின் வோல்டேஜ் ரெகுலேட்டர் 1.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. காப்பர்மைன் வகைப் பென்டியம் 3க்கு 1.65 வோல்ட் அளவில் வேண்டும். ஆகவே போர்டில் அச்சிட்ட ரிவிஷன் எண்ணை இப்போதே குறித்து வையுங்கள். 2 வோல்ட்டில் ஓடும் காட்மாய் வகை 500, 550 மெகாஹெர்ட்ஸ் செயலிகள் என்றால் பயாஸைப் புதுப்பித்தால் பெரும்பாலும் போதும். பழைய பயாஸ்களும் ஜம்பர் கையேடுகளும் தி ரெட்ரோ வெப் என்ற தளத்தில் ஏராளமாகச் சேர்ந்திருக்கின்றன.

விற்பவரிடம் போகும்போது உங்களோடு ஒரு பிசிஐ கிராபிக்ஸ் கார்டையும் ஒரு ராம் குச்சியையும் எடுத்துச் செல்லுங்கள். அவை இரண்டையும் செயலியையும் தவிர வேறெதையும் செருகாமல் இயக்கச் சொல்லுங்கள். படம் வந்ததும் மகிழ்ந்து பணத்தை நீட்டிவிடாதீர்கள். பயாஸ் திரைக்குள் போய் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வரும்போது கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கீபோர்டு கட்டளைக்கு அசைய வேண்டும். பிறகு அணைத்து, உங்கள் ஐஎஸ்ஏ சவுண்ட் கார்டைச் செருகி இன்னொரு முறை இயக்குங்கள். அது இன்னும் உங்களிடம் இல்லை என்றால், முதலில் அதை வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் போங்கள்.