வாசகர் கேள்வி – பதில்: கதை சொல்லும் கேம்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் 'வெண்பா' என்ற வீடியோ கேமை விளையாடி முடித்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அதில் எதிரியும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை, சமைக்கிறார்கள், அவ்வளவுதான் என்கிறாள். படம் பார்த்து அழுவது புரிகிறது. பொத்தானை அழுத்துகிற விளையாட்டில் அழுகை எங்கிருந்து வரும்?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: அந்தச் சமையலிலிருந்துதான் வருகிறது. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023-ல் வெளியிட்ட 'வெண்பா', 1988-ல் அந்நாட்டில் குடியேறியிருக்கும் ஒரு தமிழ்த் தம்பதியையும், அங்கேயே பிறந்து வளரும் அவர்களுடைய மகன் கவினையும் பற்றியது. வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்து முடிப்பதே விளையாடுகிறவரின் வேலை. புட்டுக் குழலில் முதலில் சில்லு, பிறகு மாவும் தேங்காய்த் துருவலும் மாறி மாறி என்பது நம் வீடுகளில் யாரும் பாடமாகச் சொல்லித் தராத சங்கதி. அதையே ஒரு புதிராக எதிரில் வைத்தபோது, அம்மா பக்கத்தில் இல்லாத ஊரில் அடுப்புமுன் நிற்பவளின் தடுமாற்றம் எனக்கு முதன்முறையாகப் புரிந்தது.

அழுகைக்கு வருகிறேன். வெளியே தங்கிப் படிக்கும் கவின் வீட்டுக்கு வருகிறான் என்பதற்காக ஒன்றன்பின் ஒன்றாகப் பல பதார்த்தங்களைச் செய்கிறோம். பாட்டு ஓடுகிறது, எண்ணெய் காய்கிறது, தாளிக்கிறோம், இறக்கி வைக்கிறோம், மேசை நிறைந்துவிடுகிறது. அவன் வரவில்லை. இதே காட்சியைத் திரையரங்கில் பார்த்திருந்தால் அந்தத் தாய்க்காக இரக்கப்பட்டிருப்பேன். இங்கே தாளித்ததும் பரிமாறியதும் என் கை என்பதால் இரக்கத்துக்கு முன்னால் கோபம் வந்தது. படத்தில் வரும் எந்தப் பிள்ளையின் மீதும் எனக்கு அப்படியொரு சொந்தக் கோபம் வந்ததில்லை. அந்தக் கோபம் தணியுமுன்பே கேம் வெண்பாவை விலக்கிவிட்டுக் கவினை நம் கையில் தருகிறது. இவ்வளவு நேரம் யாரைத் திட்டிக்கொண்டிருந்தோமோ அவனாக நின்று, அதே குறிப்பேட்டைப் பிரித்துச் சமைக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024-ல் அறிமுகப் படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. எனக்கு இந்த ஒரு கைமாற்றமே போதும். உங்கள் மகள் எந்த இடத்தில் அழத் தொடங்கினாள் என்று கேட்டுப்பாருங்கள். தாயாக இருந்தபோதா, மகனாக இருந்தபோதா என்பதைப் பொறுத்து உங்கள் இருவருக்கும் பேச நிறைய இருக்கும்.

கேள்வி: 'இண்டி கேம்' என்றால் குறைந்த செலவில் எடுத்த கேம் என்றுதானே பொருள்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: செலவைவிட, யாருடைய சொல் செல்லுபடியாகிறது என்பதுதான் அளவுகோல். பெரிய வெளியீட்டு நிறுவனத்தின் ஆணைக்குக் கட்டுப்படாமல் ஒருவரோ சிறு குழுவோ தாம் நினைத்ததைச் செய்தால் அது இண்டி. லூகாஸ் போப் என்பவர் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமின் வடிவமைப்பு, நிரல், படம், இசை என எல்லாவற்றையும் தானே செய்தார். எஸ்டோனியாவில் முளைத்த ஒரு குழுவின் 'டிஸ்கோ எலிசியம்' என்ற துப்பறியும் கேமில் உரையாடல் மட்டுமே ஏறத்தாழ பத்து லட்சம் சொற்கள். இரண்டையும் இண்டி என்றே சொல்கிறார்கள்.

கேள்வி: நான் அரசு அலுவலகத்தில் நாள் முழுவதும் சான்றிதழ் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன். நண்பர் ஒருவர் நீங்கள் குறிப்பிடும் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமைப் பரிந்துரைத்தார். அதிலும் ஆவணம் சரிபார்ப்பதுதான் வேலை என்கிறார். காசு கொடுத்து வாங்கி அதையே வீட்டிலும் செய்ய வேண்டுமா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: உங்களைப் போன்றவர்கள்தான் அதை முதலில் விளையாட வேண்டும் என்பேன். ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டில், 1982-ஆம் ஆண்டில், குலுக்கல் முறையில் எல்லைச் சாவடி ஆய்வாளர் வேலை உங்களுக்குக் கிடைக்கிறது. வருகிறவரின் பாஸ்போர்ட், அனுமதிச் சீட்டு, அடையாளச் சான்று ஆகியவற்றை ஒப்பிட்டு, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். மேசை வேண்டுமென்றே சிறியதாக வைக்கப்பட்டிருக்கிறது. காகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், விதிப்புத்தகத்தைத் திறந்தால் பாஸ்போர்ட் மறைந்துவிடும், அதற்குள் வெளியே வரிசை நீளும். ஒழுங்காகப் பார்த்து அனுப்பும் ஒவ்வொருவருக்கும் ஐந்து கிரெடிட் (அந்நாட்டுப் பணம்) கூலி. மாலையில் அந்தக் கூலியை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கணப்புக்கும் மருந்துக்கும் பங்கிட்டுப் பார்க்கும்போதுதான் பகலில் எத்தனை பேரை விரட்டி விரட்டி அனுப்பினோம் என்பது உறைக்கும்.

ஓர் இடத்தைச் சொல்கிறேன். ஒரு கணவன் வருகிறான். காகிதங்கள் சரியாக இருக்கின்றன, முத்திரை வாங்கிக்கொண்டு, அடுத்து வருபவள் என் மனைவி, கொஞ்சம் பார்த்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் தன் உயிருக்கு ஆபத்து என்கிறாள். இரக்கப்பட்டு அனுப்பினால் அச்சு இயந்திரம் கரகரவென்று ஒரு மெமோவைத் துப்பும். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டுமே, மூன்றாவதிலிருந்துதான் கூலியில் பிடித்தம். இந்த விதியில்தான் போப்பின் கூர்மை இருக்கிறது. சில நாட்கள் ஆனதும் நான் இரக்கத்தை பட்ஜெட் போடத் தொடங்கிவிட்டேன்: இன்றைக்கு அவசரத்தில் ஏற்கெனவே இரண்டு பிழை ஆகிவிட்டது, ஆகவே இந்த அம்மாளுக்கு இடமில்லை, நேற்று வந்திருந்தால் அனுப்பியிருப்பேன். அந்தக் கணக்கை என் மனம் எவ்வளவு இயல்பாகப் போட்டது என்பதைப் பார்த்து எனக்கே கூசியது. கொடியவர்களின் நாட்டில் நல்லவனாக நடிப்பதாக நினைத்துக்கொண்டுதான் நான் விளையாட்டைத் தொடங்கியிருந்தேன்.

சிரிக்கவும் இடமுண்டு. இல்லாத ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி, தானே கையால் வரைந்த பாஸ்போர்ட்டை நீட்டும் ஜோர்ஜி என்ற கிழவரை உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். அவருடைய உறவினர்கள் உங்கள் அலுவலகத்துக்கும் வந்திருக்கக்கூடும்.

கேள்வி: நடந்துகொண்டே கடிதங்களைப் படிப்பதும் குரல் கேட்பதுமாக இருக்கும் கேம்களை 'வாக்கிங் சிமுலேட்டர்' என்று கேலி செய்கிறோம். திறமைக்கு வேலையே இல்லாததை எப்படி கேம் என்று சொல்வது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கேலியில் பாதி நியாயம் இருக்கிறது. காலியான வீட்டில் நம்மை அலையவிட்டு, மேசைக்கு மேசை டைரிப் பக்கங்களை வைத்துவிட்டால் கதை ஆகிவிடும் என்று எண்ணிச் செய்த கேம்கள் ஏராளம். அவற்றைச் சிறுகதையாக எழுதியிருந்தால் நமக்கு நேரமாவது மிச்சமாகியிருக்கும். 2017-ல் வந்த 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' அந்த ரகம் அன்று. அகால மரணங்களே வழக்கமாகிப்போன ஒரு குடும்பத்தின் கடைசி வாரிசு பழைய வீட்டுக்குத் திரும்பி, ஒவ்வோர் அறையிலும் ஒருவரின் முடிவைத் தெரிந்துகொள்கிறாள். லூயிஸ் என்ற இளைஞனின் பகுதிக்கு மட்டும் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். அவன் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கிறான். கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலர் கருவியில் கட்டைவிரலால் அசைக்கும் ஒரு குச்சியால் சால்மன் மீனை இழுத்து, வெட்டுக்கத்தியில் தலையைத் துண்டித்து, நகரும் பட்டையில் தள்ளிவிட வேண்டும். இழு, வெட்டு, தள்ளு. சிறிது நேரத்தில் அவன் மனத்தில் ஒரு கற்பனை ராஜ்யம் முளைக்கிறது, அதில் நடமாடுவதற்கு இன்னொரு குச்சி. முதலில் திரையின் ஓரத்தில் தெரியும் அந்த ராஜ்யம் வளர்ந்து வளர்ந்து ஆலையை மூடிவிடுகிறது. வலது கை மட்டும், பார்வையின் உதவியே இல்லாமல், மீனை இழுத்து வெட்டித் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

மனம் எங்கோ இருக்க உடல் வேலை செய்துகொண்டிருப்பதை நாவலாசிரியர் ஒருவர் பத்துப் பக்கம் வர்ணிக்கலாம். இங்கே அது என் இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடந்தது. அந்தப் பகுதியின் முடிவைச் சொல்லி உங்களுக்குக் கெடுக்கமாட்டேன். வலது கை தன் வேலையை நிறுத்தவேயில்லை என்பதை நான் உணர்ந்தது மிகத் தாமதமாகத்தான். இதில் திறமைக்கு வேலை இல்லை என்பது உண்மையே. திறமை தேவைப்பட்டிருந்தால் கவனம் மீனிலேயே நின்றிருக்கும், காட்சியும் பாழாகியிருக்கும்.

கேள்வி: இத்தகைய கேம்களில் நாம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. இது ஏமாற்று இல்லையா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: சிலவற்றில் ஏமாற்றுதான். உங்கள் பதில் நினைவில் வைக்கப்படும் என்று அறிவித்துவிட்டு, அடுத்த காட்சியிலேயே அதை மறந்துபோகும் கேம்களை நானும் பாதியில் மூடியிருக்கிறேன். 2016-ல் வந்த 'ஃபயர்வாட்ச்' இந்தக் குறையையே கருவியாக்கிக்கொண்டது. தொடக்கத்தில் வெறும் எழுத்துகள். ஹென்றி என்பவன் ஜூலியாவைச் சந்திக்கிறான், மணக்கிறான், எந்த நாயை வளர்க்கலாம் என்று நாம் தேர்ந்தெடுக்கிறோம். பிறகு இளவயதிலேயே அவளுக்கு மறதி நோய் வருகிறது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதா, காப்பகத்தில் சேர்ப்பதா என்று கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொன்னாலும் அவள் ஆஸ்திரேலியாவிலுள்ள பெற்றோரிடமும், ஹென்றி 1989-ன் கோடையில் வயோமிங் காட்டின் கண்காணிப்புக் கோபுரத்துக்கும் போய்ச் சேர்வது மாறாது. அதன்பின் வாக்கி-டாக்கியில் மேலதிகாரி டெலிலா, ஏன் இங்கே வந்தாய் என்று கேட்கும்போது, ஹென்றிக்காக நான் சாக்குத் தேடிக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் என் விரலால் ஒரு பதிலை அழுத்தியிராவிட்டால் அந்தச் சங்கடம் எனக்கு வந்திருக்காது. மர்மக் கதையாக வளர்ந்து சப்பென்று முடிகிறது என்று பலர் குறைபட்டார்கள். மர்மப் பகுதி சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையான தேர்வுதான் வேண்டுமென்றால், 1990-களின் போஸ்னியப் போரில் நடந்த சரயேவோ நகர முற்றுகையின் தூண்டுதலில் போலந்துக் குழு ஒன்று 2014-ல் செய்த 'திஸ் வார் ஆஃப் மைன்' இருக்கிறது. போரில் சிக்கிய பொதுமக்களாக இரவில் உணவும் மருந்தும் தேடிப் போக வேண்டும். ஒரு வீட்டில் தற்காப்பற்ற முதிய தம்பதி இருக்கிறார்கள். அவர்களிடம் திருடினால் நம் கூட்டாளிகள் நாட்கணக்கில் மனமுடைந்து கிடப்பார்கள். பசித்திருந்தபோதும் நான் அந்த வீட்டைத் தொடவில்லை. அந்த முடிவுக்காக என் கூட்டாளிகளில் ஒருவர் செத்தார்.

கேள்வி: சென்ற ஆண்டு என் அம்மா காலமானார். மரணத்தைப் பற்றிய 'ஸ்பிரிட்ஃபேரர்' மனத்துக்கு ஆறுதலாக இருக்கும் என்று தோழி சொல்கிறாள். விளையாடலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் இழப்புக்கு என் வருத்தங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், முடிவை நீங்களே எடுங்கள். மான்ட்ரியலின் தண்டர் லோட்டஸ் 2020-ல் வெளியிட்ட இதில், இறந்தவர்களைக் கடைசி வாசல் வரை கொண்டுசேர்க்கும் படகோட்டியாக ஸ்டெல்லா என்ற பெண் இருக்கிறாள். விலங்குருவில் வரும் அவர்களுக்குக் கப்பலிலேயே வீடு கட்டி, பிடித்ததைச் சமைத்துக் கொடுத்து, கட்டி அணைத்து, அவர்களே கேட்கும் நாளில் அனுப்பிவைக்கிறோம். அவர்களில் ஆலிஸ் என்ற முள்ளெலிப் பாட்டி படிப்படியாக நினைவு தப்பி, ஸ்டெல்லாவைத் தன் மகள் என்றே எண்ணத் தொடங்குகிறாள். தனியே நடக்க முடியாத அவளை நாம்தான் மெல்ல அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. உங்கள் அம்மாவின் கடைசிக் காலம் அப்படி இருந்திருந்தால், இப்போதைக்குத் தள்ளிவையுங்கள் என்பதே என் கருத்து.

மற்றபடி அதன் வண்ணங்களும் இசையும் இதமானவை, அவசரப்படுத்துவதில்லை. போனவர்களின் வீடுகள் கப்பலிலேயே நின்றுவிடும். உள்ளே ஒரு மலர் மட்டும் பூத்திருக்கும். இடம் மாற்றலாம், இடிக்க முடியாது. புதிதாக ஒரு தோட்டம் போட இடம் தேடும்போதெல்லாம் அந்த வீடுகளைச் சுற்றித்தான் திட்டமிட வேண்டியிருந்தது. கேமில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான், பிரிவு வசனங்களைக்கூட அடுத்ததாகத்தான் சொல்வேன். விளையாடத் தொடங்கிய பிறகு தாங்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முடித்தே ஆக வேண்டும் என்ற கடமை எதுவும் இல்லை.

கேள்வி: கம்ப்யூட்டரோ கன்சோலோ இல்லை, போன்தான் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?
– ஒரு மாணவர், நாகர்கோவில்

பதில்: 'புளோரன்ஸ்'. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உருவாகி 2018 காதலர் தினத்தன்று வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஒருமுறை வாங்கினால் விளம்பரத் தொல்லை கிடையாது. புளோரன்ஸ் என்ற இருபத்தைந்து வயதுப் பெண்ணும் கிரிஷ் என்ற செல்லோ கலைஞனும் காதலித்துப் பிரிவதுதான் கதை, வசனம் அநேகமாக இல்லை. முதல் சந்திப்பில் அவள் பேச வேண்டுமென்றால் பேச்சுக் குமிழியைப் பல துண்டுகளிலிருந்து நாம் பொருத்த வேண்டும். பழகப் பழகத் துண்டுகள் குறைந்து, பேச்சு தானாக வரத் தொடங்குகிறது. பின்னால் சண்டை மூளும்போது துண்டுகள் கூர்முனையோடு வருகின்றன, பொருத்துவதும் மிக எளிதாகிவிடுகிறது. சண்டையில் சொற்கள் எவ்வளவு சுலபமாக வாயில் வந்து விழும் என்பதை வசனமே இல்லாமல் இப்படிக் காட்டியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதை முடித்த கையோடு 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' வாங்குங்கள். 2022 முதல் போனிலும் கிடைக்கிறது. திரை சிறியது என்பதால் அந்த மேசையின் நெரிசல் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும்.